அஞ்சுபவரிடம் நாம் சொல்லும் முதற்சொல்

அச்சம் உயிர்களுக்கு இயற்கையாக அமைந்த காவல். பாம்பைக் கண்டதும் கால் பின்வாங்குவதும், வெள்ளம் புரளும் ஆற்றில் இறங்கத் தயங்குவதும் அந்தக் காவலின் பணிகளே. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் செயலாகவே திருவள்ளுவரும் போற்றினார். ஆனால் காவலனே வீட்டுக்காரனைச் சிறை வைத்தால் என்ன செய்வது? பாம்பில்லாத வழியிலும் கால் பின்வாங்குகிறது. வெள்ளமில்லாத கரையிலும் நெஞ்சு படபடக்கிறது. நாளை என்ன நேருமோ என்ற எண்ணம் இரவெல்லாம் உறங்கவிடாமல் அலைக்கழிக்கிறது. வாரங்கள் மாதங்களாகின்றன, மாதங்கள் ஆண்டுகளாகின்றன. இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் பதற்றக் கோளாறு என்கிறார்கள்.

இது அரிதான நோயன்று. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 30 கோடிப் பேர் இதனால் துன்புற்றதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மனநலக் கோளாறுகள் எல்லாவற்றிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பயன்தரும் சிகிச்சைகள் இருந்தும், நால்வரில் ஏறக்குறைய ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். மற்ற மூவர் ஏன் வருவதில்லை? அவர்கள் வராமைக்கு யார் பொறுப்பு? துன்பத்தை மறைத்து வைக்கும் அவர்களா, அவர்களைச் சூழ்ந்து வாழும் நாமா? இது மருத்துவத்திற்கு மட்டும் உரிய வினாவன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும்.

திறந்த கதவும் நுழையாத கால்களும்

‘மருத்துவர்கள் போதாமையே இதற்குக் காரணம்’ என்று முதலில் தோன்றும். அதில் உண்மை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பதற்றம், மனச்சோர்வு முதலிய பொதுவான கோளாறுகள் உடையோரில் 80 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது. மருத்துவர் பற்றாக்குறையையும் அது சுட்டிக்காட்டியது. ஆய்வு நடந்த மாநிலங்களுள் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற அளவை எட்டியிருந்தது கேரளம் ஒன்றே.

அப்படியானால் கேரளத்தின் தலைநகரையே எடுத்துக்கொள்வோம். எழுத்தறிவு மிக்க நகரம் திருவனந்தபுரம். 1951இல் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி அங்கே உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே சிகிச்சைக்குச் செல்கின்றனர். திருவிதாங்கூர் மன்னராட்சியில் 1870ஆம் ஆண்டு தோன்றிய மனநல மையம் இன்றும் ஊளம்பாறையில் பணிபுரிகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வட்டார மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் குழு வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. மனச்சோர்வைத் தொடக்க நிலையிலேயே கண்டறிய, குடும்ப நல மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்னும் திட்டமும் செயற்படுகிறது.

இத்தனை கதவுகள் திறந்திருக்கும் ஊரிலும், அச்சத்தை நெஞ்சில் பூட்டிக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஆகவே கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. கதவுக்கும் நோயாளிக்கும் இடையில் வேறு சில தடைகள் நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நோயே வாயிற்காவலன்

திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும், நாற்பது வயதைக் கடந்த ஒருவரை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். அவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். பலருடைய அனுபவங்கள் சேர்ந்து அமைந்த உருவம். ஒரு நாள் காலை, நெரிசல் மிக்க பேருந்தில் நிற்கும்போது அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. கைகள் வியர்க்கின்றன. ‘இதோ சாகப் போகிறேன்’ என்ற எண்ணம் மின்னலாய்ப் பாய்கிறது. மருத்துவமனைக்கு விரைகிறார். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. ‘ஒன்றுமில்லை, வீட்டிற்குப் போகலாம்’ என்கிறார்கள்.

‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்பது உண்மை. ‘ஒன்றுமில்லை’ என்பதோ பாதி உண்மைதான். சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின் தணியும் இந்தத் தாக்குதல் அவருடைய கற்பனையன்று. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும் இயற்கையான முறைதான், காரணமின்றிக் கிளர்ந்தெழுந்திருக்கிறது. அவருக்கு அதை யாரும் விளக்கவில்லை. தம் துன்பத்திற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாமற் போகிறது. அவர் அடுத்த மாதம் வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார். அதற்கடுத்த மாதம் இன்னொன்றுக்கு. பணம் கரைகிறது. பேருந்துப் பயணத்தை விட்டுவிடுகிறார். பிறகு கூட்டங்களை, அதன் பிறகு திருமண வீடுகளை. அவருடைய உலகம் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதையே கூறுகின்றன. பதற்றக் கோளாறு உடையவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தமக்குச் சிகிச்சை தேவை என்று உணர்கிறார்கள். ‘இது என் சுபாவம், பிறந்தது முதல் நான் இப்படித்தான்’ என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குவதால், நோயற்ற நிலை எப்படி இருக்கும் என்பதைக்கூடப் பலர் அறிந்ததில்லை. தேவையை உணர்ந்தவர்களும், ‘நானே சமாளித்துக்கொள்வேன்’ என்று நாட்களைக் கடத்துகிறார்கள்.

இந்நோய்க்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. பல்வலி வந்தவரைப் பல்வலியே மருத்துவரிடம் துரத்துகிறது. பதற்றமோ அதற்கு நேர்மாறானது. அந்நியரிடம் பேச அஞ்சுபவர், தம் அந்தரங்கத்தை ஓர் அந்நியரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை விட்டு வெளியேற அஞ்சுபவர் பேருந்தில் ஏறிச் சென்று, கூட்டம் நிறைந்த வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நோய் தானே வாயிற்காவலனாக நின்று, சிகிச்சைக்குச் செல்லும் வழியை மறிக்கிறது. இதை உணர்ந்தவர்கள், ‘வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று எளிதாகக் கேட்க மாட்டார்கள்.

ஊர்ப் பெயரே ஏச்சான கதை

இரண்டாவது தடை, நாணம். ஊளம்பாறை என்பது ஓர் ஊரின் பெயர். மனநல மையம் அங்கே அமைந்திருப்பதால், கேரளத்தில் அப்பெயர் கேலிச் சொல்லாகிவிட்டது. கோழிக்கோட்டில் குதிரவட்டத்திற்கு நேர்ந்ததும் அதுவே. நாம் மட்டும் சளைத்தவர்களா? 1794இல் தொடங்கிய நெடிய வரலாற்றை உடையது சென்னையிலுள்ள மனநல மருத்துவமனை. அது அமைந்துள்ள கீழ்ப்பாக்கத்தின் பெயரைத் தமிழர்களாகிய நாம் திரைப்படத்திலும் திண்ணைப் பேச்சிலும் எத்தனை முறை நகைப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறோம்! சிரித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் மௌனமாக அமர்ந்திருந்த ஒருவர், ‘என் நிலையை இவர்களிடம் ஒருநாளும் சொல்லக்கூடாது’ என்று அந்தக் கணத்தில் முடிவு செய்துவிடுகிறார். அவருடைய சிகிச்சை சில ஆண்டுகள் தள்ளிப்போவதற்கு நம்முடைய அந்த ஒரு சிரிப்பே போதும்.

இந்த நாணம் முற்றிலும் காரணமற்றதென்று சொல்ல முடியாது. பழைய மனநோய் விடுதிகள் உயர்ந்த சுவர்களோடும் பூட்டிய அறைகளோடும் அமைந்திருந்தன. 1912ஆம் ஆண்டின் சட்டம் தன் பெயரிலேயே நோயாளரைப் பித்தர் என்று குறித்தது. 1987இல் வந்த சட்டம் மனநலம் பற்றிப் பேசியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் நிலையங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றே அறிவித்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீட்டு வசதி வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விதித்தது. சட்டத்தின் மொழி நூறாண்டுகளில் இத்தனை தூரம் நடந்து வந்துவிட்டது. தெருவின் மொழிதான் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த நாணத்தின் பாரம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பதற்றக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் தனியே மருத்துவமனைக்குச் செல்லும் பணமும் நேரமும் எத்தனை பெண்களிடம் உண்டு? மணமாகாத பெண்ணெனில், ‘வெளியே தெரிந்தால் வரன் அமையாது’ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். மணமானவளெனில், ‘வேலையில்லாமல் இருப்பதால் வரும் எண்ணங்கள்’ என்று விடியற்காலை முதல் வேலை செய்பவளிடமே சொல்லப்படுகிறது. ஆண்களுக்கோ வேறொரு தளை: ‘ஆண்பிள்ளை அஞ்சலாமா?’ என்ற கேள்விக்கு அஞ்சியே அவர்களிற் பலர் வாய் திறப்பதில்லை. சிலர் மதுவில் மறைவிடம் தேடுகிறார்கள். மது அன்றிரவு நடுக்கத்தை அடக்குவதுபோல் தோன்றும். மறுநாள் பதற்றத்தை வளர்க்கும்.

பக்தியின் பெயரால்

மூன்றாவது தடை, ஆன்மிக நாட்டம் உடைய நமக்கு மிக நெருக்கமானது. ‘இறைவனிடம் உண்மையான நம்பிக்கை இருந்தால் பயம் வருமா?’, ‘ஜபத்தைக் கூட்டு, எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் சொற்களை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். கேட்பவரோ ஏற்கெனவே ஜபம் செய்துகொண்டிருப்பவராக இருக்கலாம். ஜபத்தின் நடுவிலும் நெஞ்சு படபடப்பதைக் கண்டு அவர் கலங்குகிறார். இப்போது அவருக்கு இரண்டு துன்பங்கள்: ஒன்று நோய், மற்றொன்று, ‘என் பக்தி பொய்யோ?’ என்ற குற்ற உணர்ச்சி. முதலாவதை நோய் தந்தது. இரண்டாவதைத் தந்தவர்கள் நாம்.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம். அங்கங்கள் சோர்வதையும், வாய் உலர்வதையும், உடல் நடுங்குவதையும், காண்டீபம் கையிலிருந்து நழுவுவதையும், மனம் சுழல்வதையும் அவன் ஒன்றுவிடாமல் எடுத்துரைக்கிறான். அவனுடையது அறச் சிக்கலிலிருந்து பிறந்த துயரம். அதை நோயென்று சொல்வது பொருந்தாது. எனினும் நாம் அவனிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. தன் உடலின் நடுக்கத்தை அவன் மறைக்கவில்லை. மாவீரன் என்ற பெயரைக் காக்க எண்ணாமல், அருகிலிருந்தவரிடம் சொல்லிவிட்டான்.

‘ஆனால் பகவான் அவனைக் கடிந்துகொண்டாரே! தளர்ச்சியை உதறி எழு என்றாரே!’ என்று சிலர் கேட்கலாம். ஆம், அது உண்மை. அந்தச் சொல்லைத்தான் நாமும் எடுத்து, அஞ்சுபவர்கள்மீது வீசுகிறோம். ஆனால் பகவான் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினாரா? அவர் தேரைவிட்டு இறங்கிப் போகவில்லை. அர்ஜுனன் மீண்டும் மீண்டும் கேட்டான்; அவர் மீண்டும் மீண்டும் விடை தந்தார். அவன் ஐயம் நீங்கி, தானே எழும்வரை, பதினெட்டு அத்தியாயங்கள் அவன் அருகிலேயே இருந்தார். இறுதியில் முடிவையும் அவனிடமே விட்டார். கடிந்துரைத்த சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, உடனிருந்த கருணையை விட்டுவிடுவது கீதையைப் படித்ததாகாது.

வழிபாடும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதிக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுத் தேர்வெழுதப் போகும் மாணவன், படிக்காமல் போவதில்லையே! தேங்காயும் உண்டு, படிப்பும் உண்டு. மனநோயாளருக்காக மக்கள் நெடுங்காலமாக நாடிவரும் தலம், திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம். அங்கே வழிபாட்டோடு மனநல மருத்துவரின் கவனிப்புக்கும் வழி செய்யப்பட்டது. ஏர்வாடியில், தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அந்தத் துயரத்தைக் கண்ட ஏர்வாடியிலும் பின்னாளில், வேண்டுதலுக்குத் துணையாக மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. அங்கெல்லாம் வருபவர்களிற் பலர் கடுமையான மனநோய் உடையவர்கள். எனினும் அவ்விடங்கள் காட்டும் பாடம் பதற்றத்தால் வருந்துபவருக்கும் பொருந்தும்: நம்பிக்கை மனிதனைத் தாங்குவதற்கு உரியது, கட்டிப்போடுவதற்கு அன்று.

இரண்டு ஐயங்கள்

‘எல்லாக் கவலைகளையும் நோய் என்றாக்கிவிட்டால், கஷ்டத்தைத் தாங்கும் வலிமை மனிதனுக்கு எப்படி வரும்?’ என்பது முதல் ஐயம். நியாயமான கேள்விதான். மகளின் திருமணத்தை எண்ணிக் கவலைப்படுவதும், தேர்வுக்கு முன் உறக்கம் கெடுவதும் நோயல்ல. காரணம் நீங்கியதும் அவையும் நீங்கும். காரணம் நீங்கிய பின்னும் அச்சம் நீங்காமல், பல மாதங்கள் நீடித்து, உறக்கத்தையும் உழைப்பையும் உறவையும் கெடுக்குமானால், அங்கேதான் மருத்துவரின் கண் தேவைப்படுகிறது. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது போன்ற உடற்காரணங்களாலும் இதே குறிகள் தோன்றக்கூடும். அதனையும் மருத்துவரே அறிய முடியும்.

‘மருந்துக்கு அடிமையாகிவிட்டால்?’ என்பது இரண்டாவது ஐயம். உடனடி அமைதி தரும் சில மாத்திரைகளுக்கு அந்த அபாயம் உண்டு. அதனால்தான் அவற்றை மருத்துவர்கள் பெரும்பாலும் குறுகிய காலத்திற்கே தருகிறார்கள். பதற்றக் கோளாற்றுக்கு இன்று முதன்மையாகத் தரப்படும் மருந்துகள் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. மருந்து மட்டுமே வழி என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர், அச்சத்தை வளர்க்கும் எண்ணங்களை நோயாளியே ஆராய்ந்து பார்க்கக் கற்பிக்கிறார். அஞ்சி ஒதுங்கிய இடங்களைப் படிப்படியாக மீண்டும் எதிர்கொள்ளப் பழக்குகிறார். விவேகத்தால் மனத்தைச் சோதிப்பதும், அப்பியாசத்தால் அதைப் பழக்குவதும் நம் மரபு அறியாதவையா என்ன?

உடனிருப்பவரின் தர்மம்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். பொறுப்பு யாருடையது? சிகிச்சையை நாடி எடுத்து வைக்க வேண்டிய அடி நோயாளியினுடையது. அவருக்காக வேறு எவரும் அந்த அடியை எடுத்து வைக்க முடியாது. இழுத்துச் செல்வதும் முறையன்று. ஆனால் அந்த அடியை அவர் எடுத்து வைக்கும் தரையை அமைப்பவர்கள் நாம். பதற்றத்தால் வருந்துபவர் முதலில் மருத்துவரிடம் பேசுவது அரிது. மனைவியிடமோ, அண்ணனிடமோ, அலுவலக நண்பரிடமோ, சத்சங்கத்தில் அருகே அமர்ந்திருப்பவரிடமோதான் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பெறும் பதில், அவர் இரண்டாவது முறை வாய் திறப்பாரா என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர். நான்காமவரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே கண்டது வள்ளுவரின் நுண்ணறிவு. மற்ற மூன்றும் நம் கையில் இல்லாமல் இருக்கலாம். நான்காவது இடம் ஒவ்வொருவரின் வீட்டிலும் நமக்காகக் காத்திருக்கிறது.

அந்த இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாமல், ‘என்ன செய்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். ‘இப்படிப் பலருக்கும் வருவதுண்டு, இதற்குச் சிகிச்சை உண்டு’ என்று எடுத்துரைக்கலாம். முதல் முறை மருத்துவரிடம் செல்லும்போது உடன் சென்று, வரிசையில் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். அறிந்ததை அவரது அனுமதியின்றி எவரிடமும் சொல்லாமல் காக்கலாம். நேரில் செல்லத் தயங்குபவருக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை அறிமுகம் செய்யலாம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் மலையாளத்திலும் பேச முடியும். வாழ்வையே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவரது பேச்சில் தலைகாட்டினால், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு வழி செய்ய வேண்டும்.

அபயம் அளிப்பதைத் தானங்களுள் சிறந்ததாக நம் முன்னோர் கருதினார்கள். நம் கோயில்களில் இறைவனின் வலக்கரம் பெரும்பாலும் அபய முத்திரை காட்டி நிற்கிறது. ‘அஞ்சாதே’ என்பது அதன் பொருள். அஞ்சியவரைப் பழிக்கும் குரல் அந்தக் கையில் இல்லை. ‘நான் இருக்கிறேன்’ என்ற உறுதியே இருக்கிறது. அச்சத்தால் வருந்தும் ஒருவர் இன்று நம்மிடம் வந்து வாய் திறந்தால், நம் முதற்சொல்லிலும் அந்த உறுதி இருக்கட்டும்.